காலையில் செல்ஃப் எடுக்கத் திணறும் கார்: பேட்டரியை மாற்றுவதா, அதற்கு முன் வேறு எதையாவது பார்ப்பதா?

இரவு முழுவதும் நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பியதும் முனகிவிட்டு அடங்கினால், கடலூரில் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும் முதல் பதில் "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்பதுதான். இந்தப் பதில் பல நேரங்களில் சரியாகவே இருப்பதால், சரியில்லாத நேரங்களில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. புதிய பேட்டரி பொருத்துகிறவர், கேபிளைப் பேட்டரி முனையில் பிடித்திருக்கும் பழைய கிளாம்பைக் கழற்றி, உள்ளே படிந்திருக்கும் பொடியைச் சுரண்டி, மறுபடி நன்றாக இறுக்கித்தான் பொருத்துகிறார். கார் உடனே கிளம்பிவிடுகிறது, பெயர் பேட்டரிக்குப் போய்விடுகிறது. குற்றம் பேட்டரியில் இருந்ததா, கிளாம்பில் இருந்ததா என்பது அதன்பின் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே, முனையங்களைத் துடைத்து இறுக்குவது, இருக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்வது, புதிய பேட்டரி வாங்குவது, இரவில் மின்சாரத்தைத் தின்னும் பொருளைத் தேடுவது, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பது ஆகிய வழிகளைச் செலவை மட்டும் வைத்து எடைபோடாமல், ஒவ்வொன்றும் பழுதைப் பற்றி நமக்கு எதைத் தெரிவிக்கிறது என்பதையும் சேர்த்து எடைபோடுவதே முறை என்பது என் கருத்து.

எந்த வழியில் இறங்குவதற்கும் முன்னால், கார் எப்படித் திணறுகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் வழக்கத்தைவிட மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் அது மின்சாரப் பக்கத்துக் கோளாறு. ஒரே ஒரு "டக்" சத்தத்தோடு நின்றுவிட்டாலும், "கடகட"வெனத் தொடர்ந்து அடித்தாலும் மின்சாரப் பக்கமே. ஆனால் எஞ்சின் வழக்கமான வேகத்தில் விறுவிறுவென்று சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எரிபொருள் வரவில்லை, அல்லது பொறி விழவில்லை. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் பேட்டரிக் கடைக்குப் போகிறவர் பாதி நேரம் சூதாடுகிறார்.

குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்ட விளக்கங்களைப் படித்துவிட்டு, விடியற்காலைக் குளிரில் ஆயில் கெட்டியாவதால்தான் இப்படி ஆகிறது என்று சொல்பவர்களும் உண்டு. நம் கரையில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை இருபது டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. அந்த வெப்பத்தில் எஞ்சின் ஆயில் செல்ஃப் மோட்டாரைத் தடுக்கும் அளவுக்குக் கெட்டியாவதில்லை. இங்கே பேட்டரியைக் கெடுப்பது கத்திரி வெயில். வெப்பம் பத்து டிகிரி கூடும்போது பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தண்ணீர் ஆவியாகிறது, ஈயத் தகடுகளின் சட்டம் அரிக்கப்படுகிறது. மே மாதத்தில் நடந்த சேதம் ஐப்பசி, கார்த்திகையில்தான் வெளியே தெரிகிறது. மழையென்று கார் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நிற்கிறது, எடுத்தால் முகப்பு விளக்கும் வைப்பரும் ஏ.சி.யும் ஒன்றாக ஓடுகின்றன. காலையில் மட்டும் திணறுவதற்குக் காரணம் இடையில் கழிந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரமே அன்றி, காலையின் குளிர் அல்ல.

முதலில் செலவில்லாத வழி

தேவனாம்பட்டினத்திலோ, புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பகுதிகளிலோ கார் நிறுத்துகிறவர்கள் முனையங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் நேர்மின் முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சை கலந்த நீலமுமாகப் பொடி பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அதை எல்லோரும் துடைப்பார்கள். உண்மையில் தொல்லை தருவது வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. கிளாம்பைக் கழற்றி அதன் உள்வளையத்தைப் பார்த்தால், ஈயம் பளபளப்பதற்குப் பதிலாகக் கரும்பழுப்பு நிறத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் இருக்கும். வானொலிக்கும் உள்விளக்குக்கும் வேண்டிய சில ஆம்பியர் அந்தப் படலத்தைத் தாண்டிப் போய்விடும். செல்ஃப் மோட்டார் கேட்கும் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் போகாது. அதனால்தான் விளக்கெல்லாம் நன்றாக எரிந்தும் எஞ்சின் சுற்ற மறுக்கிறது.

இரண்டாவது மறைவிடம், எதிர்மின் முனையிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் மறுமுனை. பேட்டரித் தட்டுக்குக் கீழே, பாடியிலும் கியர்பாக்ஸிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் அந்த முனையை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உப்புக்காற்றில் அந்த வாஷருக்கு அடியில் துரு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகம் தெரியச் செய்து, மறுபடி இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் அரை மணி நேர வேலைதான். முனையத்தில் பூத்த பொடியை வெந்நீரில் கரைத்த சமையல் சோடா கரைத்துவிடும். கழற்றும்போது எதிர்மின் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

இந்த வேலைக்குப் பலன் உண்டா என்று முன்கூட்டியே அறிய ஒரு சோதனை இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, ஒரு முள்ளை எதிர்மின் முனையின் நடுக்கட்டையிலும் மற்றொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் அழுத்திக்கொண்டு, வேறொருவரை விட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அப்போது மீட்டரில் 0.2 வோல்ட் அளவில் காட்டினால் எர்த் பக்கம் சரியாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் மின்சாரம் வழியிலேயே வீணாகிறது, அந்தக் காருக்கு எத்தனை விலையுயர்ந்த பேட்டரி போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

பேட்டரி: சார்ஜ் செய்வதா, மாற்றுவதா?

அதே மீட்டர் பேட்டரியைப் பற்றியும் சொல்லும், ஆனால் எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் கண்ணை ஏமாற்றும். காலையில், கதவைத் திறப்பதற்கும் முன்னால் பானெட் திறந்திருக்குமாறு இரவே ஏற்பாடு செய்துகொண்டு அளப்பதே நம்பகமானது. 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே அளக்க வேண்டும். இங்கேதான் தீர்ப்பு கிடைக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. எஞ்சின் சோம்பிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் பதினொன்றுக்கு மேல் நிமிர்ந்து நின்றால், பேட்டரியிடம் சரக்கு இருக்கிறது, அது வெளியே போக வழியில்லை; கேபிள், கிளாம்பு, மோட்டாரின் உள்தொடர்புகள் ஆகியவற்றில் எங்கோ அடைப்பு. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் பேட்டரியைப் பழிப்பது நியாயமில்லை.

மீட்டர் இல்லாதவர்கள் உள்விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரியையோ முனையத்தையோ சந்தேகிக்க வேண்டும். விளக்கு மங்காமல் "டக்" சத்தம் மட்டும் வந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரி வெறுமனே இறங்கியிருந்தால் அதைச் சார்ஜ் செய்வது, மாற்றுவதைவிட மிகக் குறைந்த செலவு. ஆனால் அதை வேகமாகச் செய்யக் கூடாது. 35 ஆம்பியர்-மணி பேட்டரியை 3.5 ஆம்பியர் அளவில், பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். "கடலூரிலிருந்து பாண்டிக்கு ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க, ஏறிடும்" என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், சற்றே குறைந்த பேட்டரியை நிரப்புவதற்காக அமைந்தது. அடியோடு இறங்கியதை ஒரு மணி நேரப் பயணத்தில் அது மீட்டுவிடாது. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கும் திரும்பவும் மட்டுமே ஓடும் கார்களில் நிலைமை இன்னும் மோசம்.

சார்ஜ் ஏற்றிய பின் ஒரு நாள் கழற்றி வைத்து மறுபடி அளந்தால், பேட்டரியின் கதை முழுவதும் தெரிந்துவிடும். 12.6 நிலைத்து நின்றால் அதில் இன்னும் உயிர் இருக்கிறது. தானாகவே 12.3க்கு இறங்கினால் உள்ளே ஒரு செல் சார்ஜைத் தக்கவைக்க முடியாமல் இழக்கிறது. மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் தனித்தனியே பார்க்கலாம். ஒரு செல்லின் அடர்த்தி மற்றவற்றைவிட 0.05 குறைந்திருந்தால், அந்தப் பேட்டரிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

மாற்றுவதென்று முடிவானால், கொள்ளளவு, முனைகள் வலமா இடமா, கார் சிக்னலில் தானாக அணைந்து எழும் வகையா என்பவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். தானாக அணைந்து எழும் கார்களுக்கு அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைகிறதென்று சாதாரண வகையைப் போட்டால் அது சீக்கிரமே படுத்துவிடும். பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, கடையில் மாதக்கணக்கில் கிடந்ததைத் தவிர்ப்பது நல்லது. பெட்ரோலைப் போலப் பேட்டரியும் புதுச்சேரியில் மலிவாக இருக்கும் என்று எண்ணி எல்லை தாண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால்தான் இரு பக்கமும் விலை வேறுபடுகிறது. பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. நாடெங்கும் ஒன்றே என்பதால், அங்கே குறைத்துத் தந்தால் அது கடைக்காரரின் தள்ளுபடியே தவிர வரிச் சலுகை அல்ல. வாரண்டி காலத்தின் முற்பகுதியில் இலவச மாற்றும் பிற்பகுதியில் விகிதப்படி தள்ளுபடியும் தரப்படுவது வழக்கம் ஆதலால், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவதே வசதி.

இரவில் தின்னும் பொருள்

புதிய பேட்டரி போட்டு ஆறு மாதத்தில் மறுபடி அதே திணறல் வந்தால், நிறுத்திய காரில் ஏதோ ஒன்று மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். கடிகாரமும் கதவுப் பூட்டின் ரிசீவரும் எடுப்பது 0.05 ஆம்பியருக்குள் இருக்கும். அதனால் தொல்லை இல்லை. பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜி.பி.எஸ்., அணையாத டிக்கி விளக்கு ஆகியவற்றில் ஒன்று அரை ஆம்பியர் எடுத்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் 6 ஆம்பியர்-மணி போய்விடும். புதிய 35 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த இழப்பைத் தாங்கி ஓடும். மூன்று கோடையைக் கண்டு பாதிக் கொள்ளளவுக்கு இறங்கியது தாங்காது. ஆகவே புதிய பேட்டரி இந்தப் பழுதைத் தீர்ப்பதில்லை, சில மாதங்களுக்கு மறைத்து வைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். இரவு எதிர்மின் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் போதும். நன்றாக எடுத்தால் குற்றவாளி காரின் வயரிங்கில் இருக்கிறது. அப்போதும் திணறினால் பேட்டரியே தன்னை இழக்கிறது, அல்லது வேறு இடத்தில் பழுது. (ரிமோட் வேலை செய்யாது என்பதால் உலோகச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.) எது தின்கிறது என்று பின்னர் ஃப்யூஸ் ஃப்யூஸாக எடுத்துப் பார்ப்பது பொறுமையான வேலை. கார் பூட்டி அரை மணி நேரம் கழித்துத்தான் அதன் மின்னணுக் கருவிகள் எல்லாம் உறங்கும் என்பதால், அதற்கு முன் எடுக்கும் அளவு பொய்யாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கார் எடுக்கிறவர்களுக்கு, தேடுவதைவிடப் பேட்டரியில் துண்டிப்பு சுவிட்சு ஒன்று பொருத்திக்கொள்வது சிக்கனம். நாள்தோறும் ஓட்டுகிறவருக்கு அது தொல்லைதான்.

செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்

செல்ஃப் மோட்டார் பெரும்பாலான கார்களில் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த வெள்ளத்திலும் நின்ற கார்களில் தண்ணீர் எஞ்சினுக்குள் போகாவிட்டாலும் மோட்டாருக்குள் போயிருக்க வாய்ப்புண்டு. உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் கெட்டால் மோட்டார் இறுகி, பேட்டரியை அளவுக்கு மீறி இழுக்கும். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. இங்கே தேர்வு, பழையதைப் பிரித்து பிரஷும் புஷ்ஷும் மாற்றுவதா, புதிதாக வாங்குவதா என்பது. சுழலும் பகுதியான ஆர்மேச்சர் கருகாமலும் காயில் எரியாமலும் இருந்தால் பிரித்துச் சரிசெய்வதே என் தேர்வு. செலவு சிறு பங்குதான், ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதை ஒரே நாளில் முடித்துவிடுவார். ஆர்மேச்சருக்குச் சுற்றுவேலை தேவைப்பட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது புதியதே மேல். பெயர் தெரியாத நகல் மோட்டாரைவிடச் சரிசெய்த அசல் மோட்டார் நீடித்து உழைக்கும்.

டைனமோ என்று பட்டறைகளில் சொல்லப்படும் ஆல்டர்னேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் அதைத் தொட வேண்டாம். 13க்குக் கீழே நின்றால், பேட்டரி வாங்கும் பணத்தை அதற்கு ஒதுக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே இந்த அளவை ஏற்றி இறக்கும் என்பதால், விளக்கு, ஏ.சி. இரண்டையும் போட்டு அளந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

நன்றாகச் சுற்றியும் பற்றாத கார்

பெட்ரோல் காரில் இரவு நேரத்தில் எரிபொருள் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சாவியைச் செல்ஃப் வரை திருப்பாமல், ஆன் நிலையில் இரண்டு மூன்று நொடி வைத்து அணைத்து, இதையே மூன்று தடவை செய்துவிட்டு அதன்பின் செல்ஃப் அடித்தால் ஒரே சுற்றில் பற்றிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றினால், டேங்க்கில் உள்ள பம்ப்பின் தடுப்பு வால்வோ இன்ஜெக்டரோ கசிகிறது. இதற்கு உடனே பம்ப்பை மாற்ற வேண்டிய கட்டாயமில்லை; சாவியை இரண்டு தடவை ஆன் செய்து ஓட்டிக்கொண்டே பணம் சேர்க்கலாம். காலையில் பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் கசிவு வெளியே இருக்கக்கூடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள், பெரும்பாலான வகைகள் பெட்ரோலில்தான் கிளம்பும் என்பதை மறந்து, டேங்க்கை வற்றவிட்டு பம்ப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

டீசல் காரில், கிளப்பும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கை மாற்றச் சொன்னால், நம் ஊர் வெப்பத்தில் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம். இரவில் குழாயில் காற்று புகுந்து டீசல் டேங்க்குக்குத் திரும்பிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. கை பம்ப் உள்ள கார்களில் காலையில் அதை இறுகும்வரை அழுத்திவிட்டுச் செல்ஃப் அடித்தால் உடனே பற்றுகிறதென்றால், ஃபில்டரின் வளையத்தையும் குழாய் இணைப்புகளையும் பார்த்தால் போதும். இன்ஜெக்டர் வேலை என்று பெரிய தொகை சொல்பவரிடம் அதற்குள் போக வேண்டாம்.

யாரிடம் கொண்டுபோவது?

பேட்டரிக் கடையில் சோதனை இலவசம். ஆனால் விற்பவர் கையில் இருக்கும் சோதனைக் கருவி, சார்ஜ் இறங்கிய நல்ல பேட்டரியையும் கெட்டதென்று காட்டக்கூடும். சார்ஜ் ஏற்றிய பிறகு மறுபடி சோதித்துத் தரச் சொல்வதில் தவறில்லை. வாரண்டியில் உள்ள காரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸுக்கே கொண்டுபோக வேண்டும். வெளியில் வயரை வெட்டி ஒட்டினால் பின்னால் மின்சாரப் பழுதுக்கு அவர்கள் கைவிரித்துவிடலாம். வாரண்டி முடிந்த காருக்கு மின்கசிவு, எர்த், செல்ஃப் மோட்டார் ஆகிய மூன்றிலும் ஆட்டோ எலக்ட்ரீஷியனே மேல் என்று தயங்காமல் சொல்வேன். சர்வீஸ் மையங்களில் பொதுவாக முழுப் பாகமாக மாற்றுவார்கள். எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்ப்பார். பெட்ரோல் அழுத்தம், டீசல் இன்ஜெக்டர் போன்றவற்றுக்கு அழுத்தமானியும் ஸ்கேனரும் உள்ள பட்டறைதான் வேண்டும்.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆட்டோமேட்டிக் காரில் நடக்காது; மற்றவற்றிலும் எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. பக்கத்துக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதே மேல். அதிலும் கடைசிக் கறுப்பு முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி எஞ்சின் உலோகத்தில் மாட்ட வேண்டும், ஏனெனில் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். சிப்காட் சாலையில் உதவிக்கு வரும் லாரிக்காரரிடம் மட்டும் கேபிள் வாங்கக் கூடாது: பெரும்பாலான லாரிகளில் இருப்பது 24 வோல்ட், அது காரின் கணினியைச் சுட்டுவிடும்.

நடைமுறையில் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜிப்மர் வெளிநோயாளர் வரிசைக்கு வயதானவரை அழைத்துப் போக வேண்டிய வீட்டில், பேட்டரி நான்கு ஆண்டைத் தாண்டியிருந்தால் எந்தச் சோதனையும் இல்லாமல் மாற்றிவிடலாம். அங்கே நிச்சயத்துக்குத்தான் விலை. பேட்டரிக்கு இரண்டு ஆண்டுதான் ஆகிறதென்றால், வாரண்டி அட்டையைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, முனையத்தையும் எர்த்தையும் துடைத்துவிட்டு, ஓர் இரவு கிளாம்பைக் கழற்றி வைத்துப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் பேட்டரிக்கு முன் செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்வதுதான் என் யோசனை. புதிய பேட்டரியே போடுவதாக இருந்தாலும், எர்த் வயரின் மறுமுனையைக் கழற்றித் துடைத்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டு, அவர் அதைச் செய்யும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். தானாகச் செய்து தருகிறவர்கள் குறைவு.